பெட்டிக்குள் போன விரல்

அந்தச் சனிக்கிழமை காலை மாணவர்கள் வேனை விட்டு இறங்கியபோது, சாவிக்காரர் கை கழுவும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பெட்டியிடம் ஏதோ முறையிடுகிறவர் போலத்தான் தெரிந்தது. கிட்டே போனபிறகுதான் விஷயம் விளங்கியது. அவருடைய வலது ஆள்காட்டி விரல் பெட்டியின் துளைக்குள் போய் மாட்டிக்கொண்டிருந்தது. விரல் உள்ளே, ஆள் வெளியே.

"வாங்க வாங்க" என்றார் அவர். "கும்பிடணும்னுதான் ஆசை. ரெண்டு கையும் சேர மாட்டேங்குது."

பெட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். போன வருஷத்து மருத்துவ மாணவர்கள் இந்தத் தெருவுக்குச் சேவை செய்ய வந்தார்கள். கை கழுவாததுதான் இந்தத் தெருவின் குறை என்று தாங்களே கண்டுபிடித்து, தாங்களே வசூல் பண்ணி, தாங்களே நட்டுவைத்த எஃகுப் பெட்டி அது. இடுப்புக்கு மேல் உயரம். உள்ளே ஒரு தண்ணீர் டிரம் வைக்கிற அளவு அகலம். முன்பக்கத் தகட்டில் அடுத்தடுத்து இரண்டு துளைகள், ஒன்று குழாய்க்கு, மற்றது சோப்புக் கரைசலுக்கு. பின்பக்கம் ஒரு சின்னக் கதவு. கால்கள் நான்கும் சிமெண்டுக்குள் புதைந்திருந்தன. ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், படம் பிடித்தார்கள். டிரம் பின்னால் வரும் என்றார்கள். குழாய் அதற்குப் பின்னால் வரும் என்றார்கள். தண்ணீர் எல்லாவற்றுக்கும் பின்னால் வரும் என்றார்கள். பிறகு பரீட்சை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பெட்டி மட்டும் வெயிலையும் மழையையும் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்தப் பெட்டியைக் கண்டு மனம் நொந்த பேராசிரியை, இந்த வருஷம் விதியையே மாற்றிவிட்டார். "அவங்க பேசினாங்க, கேக்கல. அதுதான் தப்பு. நீங்க கேப்பீங்க, பேச மாட்டீங்க" என்றார் முதல் வகுப்பில். அறிவுரை சொல்லக் கூடாது. தொடக் கூடாது. முடிவெடுக்கக் கூடாது. டாக்டராகப் போகாமல் சமமான மனுஷராகப் போக வேண்டும். மக்களே தங்கள் தேவையைச் சொல்லி, மக்களே ஒருமனதாக முடிவெடுக்கும்வரை வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஸ்டெதாஸ்கோப்பை வேனிலேயே கழற்றி வைத்துவிட்டு இறங்க வேண்டும். மீறினால் மதிப்பெண் போகும்.

இந்த விதி யாருக்குப் பொருந்தியதோ இல்லையோ, பூட்டு என்று எல்லோரும் கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோலப் பொருந்தியது.

அவள் பேச மாட்டாள். கர்வமில்லை, பயம். கடையில் வேண்டியதை விரலால் காட்டித்தான் வாங்குவாள். வருகைப் பதிவின்போது கையைத் தூக்குவாள். குரல் வராததால் வரவில்லை என்று போட்டுவிடுவார்கள். கல்லூரிக்குப் போன முதல் வாரமே அவளுக்குப் பூட்டு என்று பெயர் விழுந்தது. இந்தத் தெருவில் மாணவருக்கு ஒரு வீடு என்று பிரித்தபோது, அவளுக்குச் சாவிக்காரர் வீடு கிடைத்தது. பெயரைக் கேட்டதும் சாவிக்காரர், "அட, நம்ம ஆளு! பொறும்மா, என்னைக்காவது ஒருநாள் திறந்துடறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த வீட்டு முக்காலியில் அவள் உட்காருவாள். சாவிக்காரரின் மனைவி தையல்காரி. மிஷினும் ஓடும், வாயும் ஓடும். பூட்டு தலையாட்டுவாள். இதைப் பார்த்த பேராசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆழ்ந்த கேட்டல்" என்ற பிரிவில் முழு மதிப்பெண் போட்டு, அவள் வாய் மூடி உட்கார்ந்திருக்கிற படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கல்லூரி வாசலில் ஒட்டினார். உண்மையில் பாதி நேரம் அவள் எதையும் கேட்கவே இல்லை. "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்ற வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பல வாரமாக அடுக்கியும் அது இன்னும் தொண்டையைத் தாண்டவில்லை.

இன்று தையல்கார அக்கா மிஷினை விட்டுவிட்டுத் தெருவில் நின்றிருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. பால் வாங்கப் போன மனுஷன். இந்த இஸ்திரிக்காரர் சும்மா இல்லாம, பெட்டிக்குள்ள என்னமோ கடகடங்குதுன்னாரு. துளையைக் கண்டா இவரு விரல் சும்மா இருக்குமா? பூட்டுன்னு நெனைச்சு உள்ள விட்டுட்டாரு."

"பூட்டுன்னு நெனைக்கல" என்றார் சாவிக்காரர், கௌரவமாக. "உள்ள லீவர் இருக்கான்னு தொட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி."

சோப்புப் போட்டாயிற்று. எண்ணெய் விட்டாயிற்று. தையல் மிஷினுக்குப் போடுகிற கிரீஸையும் தடவியாயிற்று. விரல் வழவழப்பாக வீங்கியதுதான் மிச்சம். முன்னால் தெரிந்த அடிப்பாகம் சிவந்திருந்தது. உள்ளே இருக்கும் மீதி என்ன நிறத்தில் இருக்கிறதோ தெரியவில்லை. சாவிக்காரருக்கு அந்த விரல்தான் கண். பூட்டின் உள்ளே எந்தப் பல் எங்கே நிற்கிறது என்பதை அவர் அந்த விரல் நுனியால்தான் பார்ப்பார். விரல் போனால் கடையைச் சாத்திவிட வேண்டியதுதான்.

வெல்டிங் கடைக்காரர் அறுக்கிற மிஷினோடு தயாராக நின்றார், ஆனால் ஆரம்பிக்கவில்லை. "அறுக்கறது ஒரு நிமிஷ வேலை. ஆனா காலேஜ் பெட்டியாச்சே. நாளைக்கு எவன் பதில் சொல்றது? நீங்க சரின்னு சொல்லுங்க, அறுத்துடறேன்."

எல்லோரும் மாணவர்களைப் பார்த்தார்கள். மாணவர்கள் எல்லோரும் மைக்கைப் பார்த்தார்கள். மைக் என்பது ஒரு பையன். கூட்டத்துக்குத் தலைவன். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கிற குரல் என்பதால் அந்தப் பெயர். உலகத்தில் நியாயம் நடக்க வேண்டும் என்று உண்மையாகவே ராத்தூக்கம் கெட்டுப் படிக்கிறவன்.

"அண்ணே, இது எங்க பெட்டி இல்ல. உங்க பெட்டி. அறுக்கச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கு?" என்றான் மைக்.

"அப்ப நாங்களே அறுத்துக்கறோம்" என்றாள் அக்கா.

"தாராளமா! ஆனா ஒண்ணு. இது உங்க தெருவோட தேவைதானான்னு முதல்ல தெரிஞ்சுக்கணும். நாங்களா ஊகிச்சா, போன வருஷம் மாதிரி ஆயிடும்."

"விரல் மாட்டிட்டு நிக்கறது கண்ணுக்குத் தெரியலையா தம்பி?"

"தெரியுதுக்கா. ஆனா நான் பார்க்கறது என் பார்வை."

அக்கா பூட்டைப் பார்த்தாள். 'உங்க ஆளு என்னடி சொல்றான்?' என்று கேட்கிற பார்வை. பூட்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஒரு மாணவி மேடத்துக்குப் போனில் விஷயத்தைச் சொன்னாள். மைக் தெரு நடுவில் பெரிய தாளை விரித்து, தெருவின் தேவைகளை எல்லோரும் சொல்லச் சொல்ல வண்ணப் பேனாவால் படம் வரைந்தான். தெருவிளக்கு, சாக்கடை, நாய்த்தொல்லை, விரல். வீட்டுக்கு மூன்று பொத்தான் கொடுத்து, எது முக்கியமோ அதன்மேல் வைக்கச் சொன்னான். பொத்தான்கள் அக்காவின் டப்பாவிலிருந்து வந்தவை. சும்மா சொல்லக் கூடாது, தெரு குஷியாகக் கலந்துகொண்டது. நாய்க்கு எதிராக ஒரு கட்சியும் நாய்க்கு ஆதரவாக ஒரு கட்சியும் உருவாகி, பெரிய சண்டை வந்து, ஒருவழியாகச் சமாதானம் ஆயிற்று. கடைசியில் சாக்கடை முதலாவதாக வந்தது. விரல் கடைசியாக வந்தது.

"உங்க பொத்தானை எங்க வச்சீங்க?" என்று அக்கா புருஷனைக் கேட்டாள்.

"சாக்கடை மேல."

"மூணையுமா?"

"பின்ன? நியாயமா யோசிச்சுப் பாரு. விரல் இன்னிக்கு வந்துடும். சாக்கடை அப்படியா?"

"அந்தச் சாக்கடையிலேயே விழுந்து கெடங்க!" என்று அக்கா கத்தினாள். மைக், "பாருங்க, எவ்வளவு உயர்ந்த பொதுநலம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பூட்டு இதற்குள் மெதுவாக நகர்ந்து பெட்டியின் பின்பக்கம் போய், கதவிடுக்கு வழியாக உள்ளே பார்த்துவிட்டாள். இருட்டில் விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அவசரப் பிரிவில் ஒருமுறை பார்த்தது ஞாபகம் வந்தது. மோதிரம் இறுகி விரல் வீங்கிப்போய் ஒரு ஆள் வந்திருந்தார். டாக்டர் மோதிரத்தை அறுக்கவில்லை. நூலை எடுத்து விரலைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, வீக்கத்தை வடியவைத்து, நூலின் முனையை மோதிரத்துக்கு அடியில் கொடுத்துப் பிரித்துப் பிரித்தே கழற்றிவிட்டார். இங்கே மோதிரத்துக்குப் பதில் தகடு. அவ்வளவுதான் வித்தியாசம்.

'அக்கா, நூல் இருக்கா?' மூன்றே வார்த்தை. பூட்டு அதை அடுக்கினாள். அது தொண்டைவரை வந்து, வெளியே இவ்வளவு பேர் இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"சரி, பொத்தான் பிரகாரம் முதல்ல சாக்கடைதான். ஆனா அவசரம்னு வேணா விரலை முன்னாடி எடுத்துக்கலாம்" என்று மைக் பெருந்தன்மையாகச் சொன்னான். "பெட்டியை அறுக்க எல்லாருக்கும் சம்மதமா? ஒருத்தர் வேண்டாம்னாலும் செய்ய மாட்டோம்."

எல்லாக் கையும் உயர்ந்தது, இஸ்திரிக்காரரின் கையைத் தவிர. அவர் தன் தள்ளுவண்டிமேல் கையை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"என்னய்யா யோசனை? கையைத் தூக்கு!" என்றார் வெல்டிங் கடைக்காரர்.

"ஏன் தூக்கணும்? இத்தனை வருஷமா எத்தனை பேர் வந்தாங்க! ரத்தம் எடுத்தாங்க, எடை பார்த்தாங்க, பல்லைப் பார்த்தாங்க. எவனாவது என் கருத்தைக் கேட்டானா? இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்கறாங்க. அவசரப்பட்டுச் சொல்லிட முடியுமா? நிதானமா யோசிச்சுத்தான் சொல்வேன்."

"எவ்வளவு நேரம் யோசிப்பே?"

"அதையும் யோசிக்கணும்."

"என் விரல் உன் யோசனைக்குத் தாங்குமா அண்ணே?" என்றார் சாவிக்காரர். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. நெற்றியில் வேர்வை வடிந்தது. அக்கா முந்தானையால் அதைத் துடைத்தாள்.

மைக்குக்கும் மனசு கேட்கவில்லை. அவன் நல்ல பையன்தான். இஸ்திரிக்காரரை வற்புறுத்தினால் அது அதிகாரம். வற்புறுத்தாவிட்டால் விரல். கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, திடீரென்று முகம் பிரகாசமாகிப் பெட்டியின் பக்கம் போனான்.

"அண்ணே, நாங்க வெளியே சுதந்திரமா நின்னுட்டு உங்ககிட்டப் பேசறதே தப்பு. உங்க கஷ்டத்துல சரிபாதி எங்களுக்கும் உண்டு" என்று சொல்லி, பக்கத்துத் துளைக்குள் தன் விரலை விட்டான்.

"ஐயையோ, வேண்டாம் தம்பி!" என்று சாவிக்காரர் அலறுவதற்குள் விரல் போய்விட்டது. போன விரல் மூட்டைத் தாண்டி, துளையின் விளிம்பில் மாட்டி நின்றுகொண்டது.

முதல் நிமிஷம் ரொம்ப அழகாக இருந்தது. மாணவர்கள் கைதட்டினார்கள். சாவிக்காரரும் மைக்கும் தோளோடு தோள் நின்றார்கள். யாரோ படம்கூடப் பிடித்தார்கள். இரண்டாம் நிமிஷம் மைக் விரலை இழுத்துப் பார்த்தான். மூன்றாம் நிமிஷம் அவன் குரல் கடைசி வரிசையையும் தாண்டிப் போனது.

"அறுங்க! அறுங்க! சீக்கிரம் அறுங்க!"

"சம்மதம்?" என்று வெல்டிங் கடைக்காரர் கேட்டார்.

"சம்மதமாவது, மண்ணாவது! மேடத்துக்குப் போன் போடுங்கடா!"

"நான் இன்னும் யோசிச்சு முடிக்கல" என்றார் இஸ்திரிக்காரர்.

பேராசிரியையின் கார் வந்த வேகத்தில் நாய்க்கட்சிகள் இரண்டும் ஓரமாக ஒதுங்கின. இறங்கியதும் அவர் மைக்கைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"காலையிலயே போன்ல சொன்னாங்களே, விரல் மாட்டியிருக்குன்னு. மக்களோட விரல்னுதானே சொன்னீங்க? நம்ம பையன் விரல்னு யாருமே சொல்லலையே!"

"அப்ப மக்களோடதுதான் மேடம் மாட்டியிருந்தது" என்றாள் ஒரு மாணவி.

"ஏம்ப்பா, அறு! நான் சொல்றேன், அறு!"

வெல்டிங் கடைக்காரர் மிஷினைத் தூக்கினார். பிறகு தகட்டைக் குனிந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "ஒரு பக்கமாத்தான் அறுக்க முடியும். அறுக்கறப்ப தகடு பழுக்கக் காயும். கரண்ட் மிஷின், மேல தண்ணி ஊத்தவும் முடியாது. முதல்ல எடுக்கற விரல் தப்பிச்சுடும். ரெண்டாவது விரல் கொஞ்சம் வெந்துதான் வரும். யாரு முதல்ல, சொல்லுங்க."

தெரு இரண்டு விரலையும் மாறி மாறிப் பார்த்தது.

"பையன்தான்" என்றார் பேராசிரியை, சட்டென்று. சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்தார். "நாளைக்கு ஆயிரம் பேருக்கு ஆபரேஷன் பண்ணப்போற விரல். அவங்க அப்பா அம்மாவுக்கு நான்தான் பதில் சொல்லணும். புரிஞ்சுக்குங்க."

புரிந்துகொள்வதில் சாவிக்காரரைவிட ஆள் கிடையாது. "ஆமாமா, தம்பி சின்னப் பிள்ளை. முதல்ல அவனை எடுங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மாட்டிய கைப்பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் நின்று பூட்டு பார்த்ததே இல்லை. மிஷின் உறுமத் தொடங்கியது.

"நூல்!"

யார் கத்தினார்கள் என்று எல்லோரும் அக்கம்பக்கம் தேடினார்கள். பூட்டும் தேடினாள். பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. மூன்று வார்த்தையில் நடுவார்த்தை மட்டும் முண்டியடித்துக்கொண்டு வெளியே விழுந்திருந்தது. மற்றவையும் பின்னாலேயே வந்தன.

"அறுக்காதீங்க! நிறுத்துங்க! அக்கா, நூல் இருக்கா?"

மிஷின் நின்றது. யாரும் விரல்களைப் பார்க்கவில்லை. தெருவே அவளைப் பார்த்தது.

"ஐயோ, பூட்டு பேசுது!" என்றாள் அக்கா.

"நான் கைகூட வைக்கலையே" என்றார் சாவிக்காரர்.

பேராசிரியை கிட்டே வந்தார். "நீயா? நீ இப்ப யோசனை சொல்றியா?"

"ஆமா மேடம்."

"தொடப்போறியா?"

"ஆமா மேடம். நூலைச் சுத்தினா வீக்கம் வடிஞ்சு, அறுக்காமலே…" அதற்குமேல் குரல் வரவில்லை. அத்தனை முகங்கள், அத்தனை கண்கள். ஓடிவிடலாம் என்றால் ஓடுவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அக்கா நீட்டிய நூல்கண்டையும் ஊசியையும் பிடுங்கிக்கொண்டு, பின்பக்கக் கதவைத் திறந்து, பூட்டு பெட்டிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே மெத்தென்று இருந்தது. இஸ்திரிபோட்ட துணிமூட்டைகள். இஸ்திரிக்காரர் ஏன் அவ்வளவு யோசித்தார் என்பது இப்போது புரிந்தது.

"மடிப்பு கலையாம உக்காரும்மா!" என்று வெளியிலிருந்து பதறினார் இஸ்திரிக்காரர்.

கதவிடுக்கின் வெளிச்சத்தில் இரண்டு விரல்கள் தகட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கறுத்துப் பருத்த விரல். இன்னொன்று வெள்ளையாக, நகம் வெட்டி, பயத்தில் நடுங்குகிற விரல். ஆளும் முகமும் இல்லாத விரல்கள். இவற்றிடம் பேச வெட்கமே வரவில்லை.

"சாவி அண்ணே, கேக்குதா?" என்றாள். பெட்டி அவள் குரலைக் கணீரென்று தெருவுக்கு அனுப்பியது. "கொஞ்சம் வலிக்கும். பொறுத்துக்குங்க. நுனியிலேர்ந்து சுத்திட்டு வர்றேன்."

"சுத்தும்மா. நூல் உங்க அக்காவோடதுதான், கணக்குப் பார்க்க மாட்டா."

அவள் நகத்தருகிலிருந்து ஆரம்பித்து, நூலை நெருக்கமாக, இறுக்கமாகச் சுற்றிக்கொண்டே தகட்டை நோக்கி வந்தாள். அவர் "அம்மா" என்று முனகினார். அவள் நிறுத்தவில்லை. வீங்கிய மூட்டு நூலுக்கடியில் மெல்ல மெல்ல அடங்கியது. நூலின் முனையை ஊசியில் கோத்து, விரலுக்கும் தகட்டுக்கும் நடுவில் முன்பக்கமாகத் தள்ளினாள்.

"அக்கா, முனை வந்துதா? ஊசியைக் கழட்டிடுங்க. இப்ப நூலைச் சுத்திச் சுத்திப் பிரிங்க. இழுக்காதீங்க, பிரிங்க. தையல் பிரிக்கற மாதிரி."

"பிரிக்கறேன்டி. பிரிச்சுட்டேதான் இருக்கேன்."

வெளியே அக்கா பிரிக்கப் பிரிக்க, உள்ளே விரல் மயிரிழை மயிரிழையாகப் பின்வாங்கியது. நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் தகட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பாப்பா, நான் வெல்டிங். வேலைக்கு நடுவுல கேக்கறேன்னு தப்பா நெனைக்காதே. காலையில எழுந்தா கண்ணு உறுத்துது. இவங்கல்லாம் எத்தனையோ தடவை வந்து எங்க கதையெல்லாம் கேட்டாங்க. ஒண்ணுக்கும் பதில் சொன்னதில்ல."

"கண்ணாடி போட்டுக்காம வெல்டிங் வைக்கறீங்களா?"

"ஆமா."

"போட்டுக்குங்க. திங்கக்கிழமை கண் டாக்டர்கிட்ட வந்து காட்டுங்க. அக்கா, பிரிங்க, நிறுத்தாதீங்க."

தெருவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பெட்டியிடம் கேட்டால் பெட்டி பதில் சொல்கிறது. வரிசை உருவாயிற்று. முட்டிவலி வந்தது. தலைசுற்றல் வந்தது. பிள்ளைக்குப் பசியே எடுப்பதில்லை என்ற புகார் வந்தது. தெரிந்ததற்குத் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததற்கு, "எனக்குத் தெரியாதும்மா, ஆஸ்பத்திரிக்கு வாங்க, நான் வாசல்ல நிக்கறேன்" என்றாள். அப்படிச் சொன்னதும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"பூட்டு, என் விரல்…" என்று மைக் ஈனஸ்வரத்தில் ஆரம்பித்தான்.

"தம்பி, உங்க விரலுக்கு ஒரு பொத்தானும் விழலையே!" என்றாள் அக்கா, பிரித்துக்கொண்டே.

அந்தச் சொல்லோடு கடைசிச் சுற்றும் பிரிந்தது. சாவிக்காரர் இரண்டடி பின்னால் போய் விழப்பார்த்தார். விரல் வெளியே வந்துவிட்டது.

பெட்டிக்குள் துளை வழியாக ஒரு வெளிச்சக் கம்பி பாய்ந்தது. பூட்டு அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள். விரல் நுனி வெளுத்து, கோடு கோடாக, யாருடையதோ போல இருந்தது. அவர் அதை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

"அக்கா, அந்த ஊசியால நுனியில லேசா குத்துங்க."

அக்கா குத்தினாள். அவர் சும்மா நின்றார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டது. பேராசிரியையும் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை. இன்னும் கொஞ்சம் அழுத்தி."

"கட்டின நாள்லேர்ந்து இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன்" என்று அக்கா அழுத்திக் குத்தினாள்.

"ஆ! கொலைகாரி!"

அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். விரல் சிவந்துகொண்டு வந்தது. மெல்ல, துருப்பிடித்த பூட்டுபோல, ஒருமுறை மடங்கிற்று.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடுங்க. மேடம் கார்லயே போங்க" என்றது பெட்டி. பேராசிரியை தன்னையறியாமல் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

மைக்கின் விரலுக்கு அவ்வளவு பாடில்லை. பாதி நூலிலேயே வந்துவிட்டது. அவன் அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான். அன்று முழுக்க அவன் வேறெதுவும் பேசியதாக யாருக்கும் ஞாபகமில்லை.

"யோசிச்சு முடிச்சுட்டேன்" என்றார் இஸ்திரிக்காரர் அப்போது. எல்லோரும் திரும்பினார்கள். அவர் ஒருமுறை செருமிக்கொண்டார். "பெட்டியை அறுக்க வேண்டாம். இதுதான் என் கருத்து. எழுதிக்குங்க."

"வெளியே வா" என்று பேராசிரியை துளையருகே குனிந்து சொன்னார். குரலில் கோபம் பாதி, வேறென்னவோ பாதி. "யோசனை சொல்லியிருக்கே. தொட்டிருக்கே. முடிவு எடுத்திருக்கே. கேட்டலுக்குப் போட்ட முழு மதிப்பெண்ணும் போச்சு, தெரியுதா? வாசல்ல ஒட்டின படத்தைக் கிழிச்சாகணும்."

"சரி மேடம்" என்றாள் பூட்டு. அந்தப் படம் கிழிவதில் அவளுக்கு வருத்தமே இல்லை. "இன்னும் வரிசையில எத்தனை பேர் இருக்காங்க மேடம்?"

பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார். வரிசை தெருமுனைவரை போய் வளைந்திருந்தது.

பதில் வருவதற்குள் பூட்டு காலை மாற்றி உட்கார்ந்தாள். மூட்டைக்கு அடியில் ஏதோ கடகடவென்று உருண்டது. கைவிட்டு எடுத்துப் பார்த்தாள். திறப்புவிழா ரிப்பனில் சுற்றிய ஒரு குழாய். புத்தம்புதுசு. பின்னால் வரும் என்று சொன்ன குழாய், முதல்நாளிலிருந்தே உள்ளே கிடந்திருக்கிறது.

அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் இருட்டு கூடிற்று. வெளிச்சம் வந்த துளையை ஏதோ அடைத்திருந்தது. பார்த்தாள். துளையின் விளிம்பில், கோடு கோடாகச் சிவந்த ஒரு விரல் நுனி எட்டிப் பார்த்தது.

"அதேதான், அதே சத்தம்!" என்றார் வெளியே சாவிக்காரர், காருக்குப் போகிற வழியில் நின்று. "உள்ள என்னதாம்மா கடகடங்குது?"

"விரலை எடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரவர் விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.